‘ச்சீ’ என்றால் டீ!

கணவரின் வேலைக்காகப் பிரேசிலில் கம்ப்பீனாஸ் என்ற ஊரில் ஏழு வருடம் இருந்தேன், அதில் ஆறு வருடம் ஒரு சின்ன டியூஷன் சென்டரில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், வழக்கமான மாமியார், மாவு புளிக்காத கேள்விகளைவிட அதிகம். அதனால் இந்த முறை அவற்றைத் தள்ளிவைத்துவிட்டேன். மாமியார்கள் மன்னிக்கவும்.

அக்கா, ஆன்லைனில் பிரேசில்காரர்கள் நாலு பேருக்கு ஆங்கிலப் பேச்சு சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் பேசிப் பார்த்தபோது ஒருவர் டீயை ‘ச்சீ’ என்கிறார், புக்கை ‘புக்கி’ என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.
– வாசகி, ஈரோடு

கண்ணு, என் முதல் வகுப்பிலும் இதே கதைதான். காலையில் என்ன குடிப்பீர்கள் என்று ஒரு வங்கி ஊழியரிடம் கேட்டேன். வாயெல்லாம் பல்லாக, “ச்சீ” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோமா என்று நான் விழித்துக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலிக்காரர், “மீ, நோ ச்சீ. காஃபி” என்றார். அப்புறம்தான் விளங்கியது. என்னை ‘ச்சீச்சர்’ என்று கூப்பிட்டதும் முழு மரியாதையோடுதான்.

பிரேசிலின் பெரும்பகுதியில் ‘ட்’ ஒலிக்குப் பின்னால் இகரம் வந்தால் நாக்கு தானாக அண்ணத்தில் ஏறி ‘ச்சி’ ஆகிவிடும். ‘டின்னர்’ என்பதில் வருகிற ‘டி’ அதே மாதிரி ‘ஜி’ ஆகும். சிரிக்காதே. ‘அடித்து’ என்று எழுதிவிட்டு ‘அடிச்சு’ என்று பேசுகிறவர்கள் நாம். ‘சிரித்தான்’ நம் வாயில் ‘சிரிச்சான்’. பக்கத்தில் இகரம் இருந்தால் தகரம் சகரமாவது நம் வீட்டிலும் நடப்பதுதான். நமக்கு இகரம் முன்னால் வருகிறது, அவர்களுக்குப் பின்னால். அவ்வளவுதான்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, அமெரிக்கன் வீடியோ போட்டுக் காட்டுவது அல்ல. வடகிழக்கில் ரெசீஃபே என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. பிரேசில்காரர்கள் பேசுவது போர்த்துகீசியம். அதில் அத்தை, சித்தி எல்லாருக்கும் ‘தியா’. மற்ற ஊர்க்காரர்கள் அதை ‘ச்சியா’ என்பார்கள், ரெசீஃபேக்காரர்கள் சுத்தமாகத் ‘தியா’ என்பார்கள். நாம் திருநெல்வேலித் தமிழைப் பேசிக்காட்டுவதுபோல அங்கே எல்லாருக்கும் ரெசீஃபே பேச்சைப் பேசிக்காட்டத் தெரியும். “ரெசீஃபேக்காரர் மாதிரி ‘தியா’ சொல்லுங்கள்” என்பேன். வகுப்பே சிரித்துக்கொண்டு சொல்லும். “இப்போது அந்த வாயோடு ‘டீ’.” வந்துவிடும். நாக்கு மட்டும் பல்லிலிருந்து கொஞ்சம் பின்னால் போக வேண்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது புக்கி. போர்த்துகீசியச் சொற்கள் ‘க்’, ‘ப்’, ‘ட்’ என்று முடிவதில்லை. வாய் அங்கே நிற்கப் பயந்து ஒரு இகரத்தைப் பிடித்துக்கொள்கிறது. தமிழ்ச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருப்பாய். அதனால்தான் நம் பாட்டிகளுக்கு அது ‘புக்கு’, ‘பஸ்ஸு’, ‘பேங்க்கு’. நமக்கு உகரம், அவர்களுக்கு இகரம். இன்டர்நெட் அங்கே ‘இன்டர்நெச்சி’ ஆவது எப்படி என்று இப்போது புரிகிறதா? முதலில் கடைசியில் ஒரு இகரம் ஒட்டுகிறது. ஒட்டிய இகரம் முன்னால் இருக்கும் ‘ட்’டைச் ‘ச்’ ஆக்குகிறது. இகரத்தைக் கழற்றினால் ‘ச்’ தானாக விழுந்துவிடும். அதனால் ஒட்டு இகரத்தில்தான் முதல் கை வைக்க வேண்டும்.

எப்படிக் கழற்றுவது? பிரேசிலில் ஆங்கிலம் என்றதும் யாரைக் கேட்டாலும் கேலியாக எடுத்துவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘தி புக் இஸ் ஆன் தி டேபிள்.’ ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத டாக்சி டிரைவருக்கும் இது தெரியும். அவர்கள் வாயில் ‘தி புக்கி இஸ்’. நான் போர்டில் அதை எழுதி, “நீங்கள் புக்குக்குப் பின்னால் கடன் வாங்கி ஒட்டுகிற இகரம் அடுத்த வார்த்தையின் வாசலிலேயே நிற்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்” என்பேன். ‘புக்கிஸான்’ என்று மூன்று வார்த்தையும் ஒரே வார்த்தையாகும். இரண்டு இகரம் ஒன்றாகிவிட்டது, உச்சரிப்பும் சரியாகிவிட்டது. வாக்கியத்தின் கடைசியில் ‘புக்’ வந்தால் பின்னால் சார்ந்துகொள்ள ஆள் இல்லை. அங்கே மட்டும், நாக்கின் பின்பகுதியை மேலே ஒட்டியது ஒட்டியபடியே வைத்துக்கொள்ளச் சொல். ‘க்’ போட்டுவிட்டுத் திறந்தால்தானே இகரம் நுழையும்?

ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்பார்கள். அதற்கு உனக்கு விளக்கம் தேவைப்படாது, நம் ஊர் ஆட்டோக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். அங்கே தினமும் பீன்ஸ் வேகவைக்கிற வீடுகள். குக்கர் சத்தம் எல்லாருக்கும் தெரியும். குக்கர் மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிவிட்டு ‘கூல்’ சொல்லச் சொன்னால் போதும்.

ஒன்று மட்டும் லேசில் பிடிபடாது, காதைத் தீட்டிக்கொள். ‘டீம்’, ‘தெம்’, ‘ஸம்’ என்று மகர மெய்யில் முடிகிற வார்த்தைகளில் அவர்கள் உதடு மூடாது. எழுத்தில் ‘ம்’ இருக்கும், ஒலி மூக்கு வழியே போய்விடும். ‘மரம் விழுந்தது’ என்று வேகமாகச் சொல்லிப் பார். உன் உதடு மூடியதா? இல்லை. நாமும் பேச்சில் மகரத்தை மூக்குக்கு அனுப்பிவிடுகிறோம், ஆனால் நமக்கு அது தெரிவதில்லை. நான் பேக்கரியில் கொடுக்கும் டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். ‘டீம்’ முடியும்போது பேப்பர் உதட்டில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், கீழே விழுந்தால் மறுபடியும். வக்கீல், டாக்டர் எல்லாரும் வாயில் பேப்பரைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேமரா வழியாகவும் இதைச் செய்யலாம்.

கடைசியாக, நேரத்தைப் பேசி வைத்துக்கொள். சாவ் பாவ்லோ, ரியோ பக்கத்துக்கும் நமக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். அவர்கள் ஆபீஸ் முடித்து மாலை 7 மணிக்கு உட்கார்ந்தால் உனக்கு விடியற்காலை 3.30. அவர்கள் காலை 7 மணிக்குச் சம்மதித்தால் உனக்குப் பிற்பகல் 3.30. இரண்டாவதைக் கேட்டு வாங்கு.

என் கணவரின் கம்பெனிக்கு வந்திருக்கும் பிரேசில் பொறியாளருக்கு வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கிறேன். ‘ரெட்’ என்று எழுதிக் காட்டினால் ‘ஹெட்’ என்று படிக்கிறார். ‘ர’வே வராதா அவருக்கு?
– வாசகி, திருச்சி

வரும், நன்றாகவே வரும். சொல்லின் முதலில்தான் வராது. போர்த்துகீசியத்தில் சொல்லின் முதலில் வரும் ரகர எழுத்துக்குப் பிரேசிலில் கிட்டத்தட்ட நம் ‘ஹ’ ஒலி. ரியோ அவர்களுக்கு ‘ஹியூ’. கால்பந்து பார்க்கிறவர் வீட்டில் இருந்தால் ரொனால்டினோ பெயரை ஒரு பிரேசில்காரர் வாயால் கேட்கச் சொல்லுங்கள்: ‘ஹொனவ்ஜீஞு’. முதல் ரகரம் ஹகரம், நடுவில் லகர மெய் ‘வ்’, ‘டி’ போய் ‘ஜி’. ஒரே பெயரில் அவர்களுடைய மூன்று பழக்கமும் வந்துவிட்டது. அந்த லகரத்தையும் கவனியுங்கள். பிரேசில் அவர்களுக்குப் ‘ப்ரஸீவ்’, மில்க் ‘மிவ்க்’. சொல் முடியும்போது நாக்கு நுனி மேலே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் அது சரியாகிவிடும்.

என் மாணவர் ஒருவர் சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு ‘ஹாக்கி’ என்றார். பரவாயில்லையே, கால்பந்து தேசத்தில் ஹாக்கி ஆடுகிறாரே என்று நானும் எத்தனை பேர் ஆடுவீர்கள், மட்டை யாருடையது என்றெல்லாம் விசாரித்தேன். நாலு பேர், ஒருவர் டிரம்ஸ் என்றார். ராக் இசை. ரகரம் ஹகரமாகி, கடைசியில் வழக்கமான இகரமும் ஒட்டிக்கொண்டால் ‘ஹாக்கி’தான்.

இப்போது உங்கள் பொறியாளர் எந்த ஊர் என்று கேளுங்கள். சாவ் பாவ்லோ மாநிலத்தின் உள்பகுதி என்றால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். கம்ப்பீனாஸிலிருந்து ஒரு மணி நேரம் போனால் பிரசிகாபா என்று கரும்புக்காட்டு ஊர் ஒன்று வரும். அங்கே எங்கள் வீட்டுக்காரரின் நண்பர் வீட்டில் ஒரு பெரியவர் கதவைச் சாத்தச் சொன்னார். கதவுக்கு ‘போர்த்தா’. அவர் சொன்னது ‘போழ்த்தா’. கையில் இருந்த காபியை வைத்துவிட்டு, “இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்றேன். சந்தேகமே இல்லை, நம் ழகரம். நாக்கை வளைத்து, எங்கும் ஒட்டாமல். உடனே அவரை ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னேன். ‘வாயப்பயம்’ என்று சொல்கிற என் சொந்தக்காரர்களை அவர் முன்னால் நிறுத்த வேண்டும்போல இருந்தது.

சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வருகிற இந்த ஒலியை அங்கே ‘கைப்பீரா’ ரகரம் என்பார்கள். பட்டிக்காட்டு ரகரம் என்று அர்த்தம். பெருநகரத்துக்காரர்கள் கேலி செய்வார்கள் என்பதால் உள்ளூர்க்காரர்கள் ஆங்கில வகுப்பில் அதை மறைத்துப் பேச முயற்சி செய்வார்கள். அமெரிக்கன் ஆங்கிலத்தின் ரகரத்துக்கு மிகவும் நெருக்கமானது அதுதான்! எவ்வளவு கொடுமை பாருங்கள். ‘ஃபோர்’ என்ற வார்த்தையை ஊர்ப் பேச்சிலேயே சொல்லச் சொல்லி, கடைசி ஒலியை விடாமல் நீட்டி, அதே மூச்சில் ‘ரெட்’டுக்குள் போகச் சொல்லுங்கள்: ‘ஃபோர்ர்ர்ரெட்’. பத்து தடவை ஆனதும் ‘ஃபோ’வைக் கழற்றிவிடுங்கள். உதடு கொஞ்சம் குவிய வேண்டும். ரியோக்காரர் என்றால் இந்த வழி இல்லை, பிரசிகாபாக்காரரைப்போலப் பேசிக்காட்டச் சொல்லிப் பாருங்கள்.

எத்தனை மாதத்தில் உச்சரிப்பு சரியாகும்?
– வாசகர், சேலம்

எது சரியாக வேண்டும் என்பதைப் பொறுத்தது. டிஷ்யூ பேப்பர் மகரம் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். ஹாஸ்பிடல், அனிமல் மாதிரி இரண்டு மொழியிலும் இருக்கிற வார்த்தைகளுக்கு வருஷக்கணக்காகும். போர்த்துகீசியத்தில் அவற்றுக்குக் கடைசி அசையில் அழுத்தம், ஆங்கிலத்தில் முதல் அசையில். தெரிந்த வார்த்தை என்ற தைரியத்தில் காது அதைக் கவனிக்கவே கவனிக்காது.

என் மாணவர் ஒரு கம்பெனி மீட்டிங்கில் ‘ஷீட்டை அனுப்புகிறேன்’ என்று சொல்லப்போய், அது கெட்ட வார்த்தையாகக் காதில் விழுந்து எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். அதிலிருந்து மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. எப்படித் தேற்றுவது?
– வாசகர், பெங்களூரு

பாவம். கடற்கரை விடுமுறையைப் பற்றிப் பேசவந்து ‘பீச்’சில் மாட்டிக்கொண்டவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர்.

குறிலும் நெடிலும் நமக்குத் தாய்ப்பால். ‘படி’, ‘பாடி’ என்று ஒரு மாத்திரையில் அர்த்தத்தையே மாற்றுகிறவர்கள் நாம். போர்த்துகீசியத்தில் அப்படி நீளத்தை வைத்துப் பொருள் மாறாது. அதனால் ‘நீட்டுங்கள், குறுக்குங்கள்’ என்று நாம் சொன்னால் அவர்கள் தலையாட்டிவிட்டு அதே ஒலியைச் சத்தமாகச் சொல்வார்கள். நானும் ஒரு வருடம் இந்தத் தப்பைச் செய்தேன். ஆங்கிலத்தில் ‘ஷிப்’ (கப்பல்), ‘ஷீப்’ (ஆடு) இரண்டுக்கும் நீளம் மட்டும் வித்தியாசம் இல்லை, நாக்கின் இருப்பும் வேறு. ‘ஷிப்’பின் இகரம் தளர்ந்த இகரம், எகரத்தின் பக்கம் கொஞ்சம் சரிந்தது. போர்த்துகீசியத்தில் தொப்பி வைத்த ஆங்கில ‘e’ எழுத்து (ê) ஒன்று உண்டு, நம் எகரம் மாதிரி, வாய் அதிகம் திறக்காமல். ‘ஷிப்’புக்கு அந்த எழுத்தை நினைத்துக்கொண்டு சுருக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஷீப்’புக்கு அவர்களுடைய சொந்த இகரத்தையே, சிரிக்கிற உதட்டோடு, நீட்டச் சொல்லுங்கள். இரண்டும் பிரிந்து நிற்கும்.

அதுவரைக்கும் மீட்டிங்கில் ‘டாக்குமென்ட்’ என்று சொல்லட்டும். தப்பித்தல்தான், அதனால் என்ன?

ஆங்கிலம் நம் மொழியும் இல்லை, அவர்கள் மொழியும் இல்லை. யாரோ ஒருவர் உச்சரிப்புக்காக நாம் ஏன் இன்னொருவர் நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

டேபிளை ‘டேய்பௌ’ என்றால் யாருக்கும் புரியும், நான் திருத்தியதில்லை. ‘ரெட் ஒயர்’ என்று சொல்ல வேண்டிய எலெக்ட்ரீஷியன் ‘ஹெட் ஒயர்’ என்றால் திருத்துவேன். அவ்வளவுதான் என் கொள்கை, ஐயா.

சாவி, ஜன்னல், மேசை எல்லாம் போர்த்துகீசியச் சொற்கள் என்கிறார்களே, இது பாடம் நடத்த உதவுமா?
– வாசகர், தூத்துக்குடி

முத்துக்குளித்துறைக்காரர் நீங்கள் கேட்காமல் யார் கேட்பார்கள்! முதல் வகுப்பில் பனிக்கட்டியை உடைக்க… இல்லை, அது ஆங்கிலப் பேச்சு. முதல் வகுப்பில் கூச்சம் போக இதைவிட நல்ல வழி இல்லை. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்று நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல, “எங்கள் வார்த்தை, எங்கள் வார்த்தை” என்று குதிப்பார்கள். சாவியில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று அவர்கள் அதை ‘ஷாவி’ என்கிறார்கள். நம் கரைக்கு அந்தச் சொல் வந்த காலத்தில் அவர்களும் ‘ச்சா’ என்றுதான் சொன்னார்கள். இந்தியில் அந்த ‘ச்சா’ இன்றும் அப்படியே இருக்கிறது. அவர்கள் ஊரில் மாறிப்போன ஒலியை நம் நாடு பத்திரமாக வைத்திருக்கிறது என்று சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அன்னாசியைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் குழம்புவார்கள். பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியிலிருந்து போர்த்துகீசியர் எடுத்து நமக்குக் கொண்டுவந்த சொல் அது. பிரேசில்காரர்களோ அந்தப் பழத்தை ‘அபக்கஷி’ என்கிறார்கள்.

1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் போர்த்துகீசியர்தான் என்பது உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் இலக்கணம் எழுதியவரும் அவரே. நம் ழகரத்தோடும் றகரத்தோடும் மல்லுக்கட்டிய அந்த மனிதரை நினைத்துக்கொண்டால் வகுப்பில் எனக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

லிஸ்பனுக்கு மாற்றலாகிப் போகிறேன். அங்கேயும் இதே பிரச்சினைகள்தானா?
– வாசகி, சென்னை

இல்லை. போர்த்துகலில் டீ டீயாகவே இருக்கும். உயிரெழுத்துகளை விழுங்கிப் பேசுகிறவர்கள் என்பதால் மெய்கள் ஒட்டி வருவதும் அவர்களுக்குப் புதிதல்ல. பிரேசிலில் படங்களை டப்பிங் செய்து பார்ப்பவர்கள் ஏராளம், போர்த்துகலிலோ சினிமாவும் சீரியலும் பெரும்பாலும் சப்டைட்டிலோடு ஓடுகின்றன. காது சின்ன வயதிலிருந்தே ஆங்கிலத்துக்குப் பழகியிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை ‘ஷ்’ என்பார்கள். ‘எச்’ எழுத்து அவர்களுக்கு எழுத்தில் மட்டும்தான், வாயில் கிடையாது, ‘ஹவுஸ்’ ‘அவுஸ்’ ஆகிவிடும். ‘திங்க்’, ‘தேங்க்ஸ்’ எல்லாருக்கும் கஷ்டம், அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

என் ஆங்கிலத்திலேயே தமிழ் வாடை அடிக்கிறது. நான் எப்படி இன்னொருவருக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பது?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

என் கதையைக் கேளுங்கள். ‘தேங்க் யூ’வுக்கு நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப்பார்க்க வேண்டும், காற்று அதன் மேல் உரசிக்கொண்டு போக வேண்டும் என்று போர்டில் படம் வரைந்து, ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். வயதானவர்களுக்கு நாக்கை நீட்டக் கூச்சம், அதை வேறு போக்கினேன். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் நாக்கை நீட்டி நன்றி சொல்ல, நானும் பதிலுக்குத் ‘தேங்க் யூ’ என்றேன். முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண், “ச்சீச்சர், உங்கள் நாக்கு வெளியே வரவில்லையே” என்றாள். நம் ‘தம்பி’யின் தகரத்தை வைத்தே நாற்பது வருடம் ஓட்டியிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை.

அன்றே முடிவு செய்தேன், கண்ணாடி எனக்கும் ஒன்று வேண்டும். ‘வெரி வெல்’ என்பதில் இரண்டு வகரமும் வேறு என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்ததும் அதே பெண்தான். முதலாவதற்கு மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும், இரண்டாவதற்கு உதடு குவிய வேண்டும். போர்த்துகீசியத்தில் முதலாவது சுத்தமாக இருக்கிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே வகரம். வாரம் ஒரு நாள் வகுப்பு முடிந்து பத்து நிமிடம் அவள் எனக்கு டீச்சர். பீஸாக மரவள்ளி மாவில் செய்த சீஸ் பன் இரண்டு வாங்கிக்கொள்வாள்.

தைரியமாக வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். கண்ணாடி மட்டும் இரண்டாக வாங்குங்கள்.

(அடுத்த இதழில்: மாவு ஏன் புளிக்கவில்லை?)